மூத்த பிள்ளைகளும் போகிறார்கள், மென்டாரும் போகிறார். அடுத்த சீசனுக்கு அணி நிற்குமா?

பட்டறை_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்களுடையது ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் அணி, அதாவது பள்ளிப் பிள்ளைகள் ரோபோ செய்து ஆடுகிற போட்டி. இந்த சீசனோடு பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் யாரென்றால், ரோபோவுக்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிற இருவர், வயரிங் முழுவதையும் தலைக்குள்ளேயே வைத்திருக்கிற பெண், எங்கள் முதன்மை டிரைவர். இது போதாதென்று, அணி தொடங்கிய நாளிலிருந்து கூடவே நின்று தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்த மென்டாருக்கும் வேலை மாற்றல் வந்துவிட்டது. நான் அணியின் கோச் என்று பெயர். பெற்றோரிடம் பேசுவது, பதிவு, பயண ஏற்பாடு, அட்டவணை எல்லாம் என் பொறுப்பு. ஆனால் நான் பொறியாளர் இல்லை. ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

மீதி இருப்பவர்கள் சின்னவர்கள், நல்ல பிள்ளைகள், ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் இதுவரை பெரியவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்ததும், பாகங்களை அடுக்கி வைத்ததும், மேட்ச் பார்த்துக் கைதட்டியதும்தான் அவர்கள் செய்தது. "அடுத்த வருஷம் நம்ம டீம் இருக்குமா மிஸ்?" என்று அதில் ஒருத்தி கேட்டாள். இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்பதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். மென்டார் கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

---

நட்டுபோல்ட் எழுதியது:

அக்கா, இரண்டு மாதம் இருக்கிறதே, அது பெரிய விஷயம். பல அணிகளுக்கு இரண்டு வாரம்கூடக் கிடைப்பதில்லை.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் முதலில் சொல்வது "எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்" என்பது. நான் அதை இரண்டாவதாகத்தான் சொல்வேன். போகிறவர் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போன அணிகளைப் பார்த்திருக்கிறேன். ரோபோவில் ஏதாவது புகைந்தால் அந்த நாற்பது பக்கத்தை யாரும் திறப்பதில்லை. கையில் ஏறாத வேலை காகிதத்தில் இருந்து பயனில்லை.

என் யோசனை இது. சீசன் முடிந்ததும் ரோபோவைப் பத்திரப்படுத்தி அலமாரியில் வைக்காதீர்கள். முழுசாகக் கழற்றுங்கள். ரோபோவின் மூளையான கண்ட்ரோல் ஹப், அதோடு இணைகிற எக்ஸ்பான்ஷன் ஹப், மோட்டார், சர்வோ, ஒவ்வொரு வயரும் வெளியே வரட்டும். மறுபடி பூட்டுவது சின்னவர்கள் வேலை. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கலாம், பேசலாம், ஸ்க்ரூடிரைவரை மட்டும் தொடக் கூடாது. இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுக்காதீர்கள். நன்றாகத் தெரிந்தவன் கை சும்மா இருக்காது. "இங்க கொடு, நான் பண்ணிடறேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அன்றைய பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

கழற்றிப் பூட்டும்போதுதான் யாரும் எழுதி வைக்காதவை வெளியே வரும். இந்த ஸ்க்ரூவுக்கு மட்டும் ஏன் லாக்டைட் பசை போட்டிருக்கிறது? இந்த வயர் ஏன் சுற்றிக்கொண்டு வருகிறது? கை மேலே போகும்போது இழுபடாமல் இருக்க அங்கே மடிப்பு விட்டிருப்பார்கள். அது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். சின்னவன் அதை நேராக இழுத்துக் கட்டுவான், கையைத் தூக்கியதும் கனெக்டர் கழன்று வரும், அப்போது அவனே காரணத்தைப் புரிந்துகொள்வான். எழுத வேண்டியதை அந்த நேரத்தில் எழுதச் சொல்லுங்கள், அதுவும் சின்னவன் கையால். அவன் எழுதியதைத்தான் அவனுக்கு அடுத்து வருகிறவன் படிப்பான்.

இன்னொன்று. ஜட்ஜுகளுக்குக் கொடுக்கிற போர்ட்ஃபோலியோ 15 பக்கத்துக்குள் இருக்க வேண்டும், அதில் வென்ற கதைதான் நிறைய இருக்கும். அணிக்கென்று தனியாக ஒரு நோட்டு வையுங்கள். எது உடைந்தது, எதை முயன்று கைவிட்டோம், ஏன் கைவிட்டோம் என்பதெல்லாம் அதில் போகட்டும். அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் உதவும்.

---

என்கோடர் எழுதியது:

நட்டுபோல்ட் அண்ணா வயரிங் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் கோடு பக்கம். நானும் இதே போட்டியில் ஆடி வெளியே வந்தவன்தான், இப்போது ஓய்வு நேரத்தில் இரண்டு அணிகளுக்குக் கோடு பார்த்துக் கொடுக்கிறேன்.

அக்கா, உங்கள் பழைய கோடை யாராவது ஒரு சின்னப் பிள்ளையை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் "இது எதுக்கு?" என்று கேளுங்கள். பதில் வராத இடங்களில் அடையாளம் போட்டு வையுங்கள். போகிற இருவரிடமும் கேட்க வேண்டிய பட்டியல் அதுதான். இதைச் செய்ய நீங்கள் பொறியாளராக இருக்கத் தேவையில்லை.

நான் பார்த்த அணிகளில் அடிக்கடி வருவது இது. ஆட்டோனமஸ் பகுதியில், அதாவது டிரைவர் தொடாமல் ரோபோ தானே ஓடுகிற முதல் 30 நொடியில், "முன்னே போ, 1.8 நொடி" என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதியவனுக்கு ஏன் 1.8 என்று தெரியும். அன்றைக்குப் பாட்டரி முழு சார்ஜ், தரை அதே தரை, 1.8 நொடியில் சரியான இடத்தில் நின்றது. அடுத்த வருஷம் பாட்டரி கொஞ்சம் பழசாகியிருக்கும். அதே 1.8 நொடியில் ரோபோ ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். புதுப் பிள்ளை 1.9 என்று மாற்றுவான். புதுப் பாட்டரி போட்டதும் போய் முட்டும். மறுபடி 1.7. இப்படியே ஒரு மாதம் ஓடிவிடும்.

நொடிக்குப் பதில் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று, சுற்றை எண்ணுகிற என்கோடர் சென்சாரைப் பார்த்து நிறுத்தினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். பாட்டரி தளர்ந்திருந்தால் மெதுவாகப் போகும், ஆனால் போக வேண்டிய தூரம் போகும். பக்கவாட்டிலும் போகிற மெக்கானம் சக்கரம் என்றால் அப்படிப் போகும்போது வழுக்கும், அதற்குத் தூரம் அளக்கவென்றே தனியாக ஓடோமெட்ரி சக்கரம் வைப்பார்கள், அது பிறகு. முதலில் நொடிகளை ஒழியுங்கள். மாற்றுவது சின்னவர்கள், மேற்பார்வை பெரியவர்கள்.

அப்புறம் கான்ஃபிகரேஷன். டிரைவர் ஹப்பில், அதாவது டிரைவர் பக்கம் இருக்கிற திரைக் கருவியில், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பீர்கள். கோடில் இருக்கிற பெயரும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு எழுத்து பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று மாறினாலும் ரோபோ அசையாது. எந்தப் போர்ட்டில் எது, என்ன பெயர் என்று ஒரு அட்டவணை அச்சடித்து ரோபோ பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள்.

கோடு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். போகிறவனுடைய லேப்டாப்பில் மட்டும் இருந்தால் இன்றைக்கே கோடு சேமிக்கிற கிட்ஹப் தளத்தில் அணியின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி ஏற்றிவிடுங்கள். பாஸ்வேர்டு உங்களிடமும் இருக்கட்டும்.

---

க்யூ_லைன் எழுதியது:

பட்டறை அக்கா, "நான் பொறியாளர் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். நானும் இல்லை. கணக்கு எழுதுகிற வேலை பார்க்கிறவள். பையனைக் கொண்டுவிட வந்தவள், அரங்கத்தில் உட்கார்ந்து போரடிக்கிறது என்று வாலன்டியர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டேன். முதல் வேலை க்யூயிங். அடுத்த மேட்ச்சுக்கு வர வேண்டிய அணிகளைப் பிட்டுக்கு, அதாவது அவர்கள் ரோபோவைச் சரிபார்க்கிற இடத்துக்குப் போய்க் கூட்டிவந்து வரிசையில் நிறுத்துவது. அதற்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிய வேண்டாம்.

அங்கே நின்றால் தெரியாததெல்லாம் தெரிந்துவிடுகிறது. எந்த அணி பதற்றமில்லாமல் வருகிறது, எந்த அணி கடைசி நொடியில் பாட்டரி மாற்றிக்கொண்டு ஓடி வருகிறது, எது செக்லிஸ்ட் வைத்திருக்கிறது, எல்லாம் ஒரே நாளில் கண்ணில் படும். அடுத்த போட்டியில் என்னை ஸ்கோரிங்கில் போட்டார்கள். ஸ்கோர் போட வேண்டுமென்றால் ஆட்ட விதிகளை உட்கார்ந்து படிக்க வேண்டும். படித்த பிறகு பையன் வீட்டில் பேசுவது எனக்குப் புரிந்தது. இப்போது எங்கள் அணிக்கு விதிப் புத்தகம் நான்தான், சந்தேகம் வந்தால் என்னிடம் வருகிறார்கள்.

உங்கள் அணியின் பெற்றோரில் நாலு பேரை இப்படி உள்ளே இழுங்கள். மென்டார் போனால் அவருடைய இடத்தை நிரப்ப இன்னொரு மென்டாரைத் தேடுகிறோம், அது கிடைக்கவும் கிடைக்காது. அவர் ஒரே ஆள் செய்த வேலையைப் பிரித்துப் பாருங்கள், பாதி வேலைக்குப் பொறியியல் வேண்டாம். பாட்டரி சார்ஜ் போட்டுத் தேதி எழுதி வைப்பது, உதிரிப் பாகம் என்ன குறைகிறது என்று பார்ப்பது, விதியில் வருகிற திருத்தங்களைப் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்வது, ஜட்ஜ் முன்னால் பேசப் பழக்குவது. ஒவ்வொன்றையும் ஒரு பெற்றோர் எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளிலும் அப்படித்தான். ரோபோவைத் தொடப் பயப்படுகிற பிள்ளையை ஸ்கவுட்டிங்கில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு மேட்ச்சிலும் ஒரு ரோபோவை மட்டும் கண் எடுக்காமல் பார்த்து, எத்தனை போட்டது, எங்கே தடுமாறியது என்று எழுத வேண்டும். நாள் முழுக்க மற்றவர்களின் ரோபோக்களைப் பார்த்தவள் "அவங்க இன்டேக் ஏன் நம்மளைவிட வேகமா எடுக்குது?" என்று கேட்பாள் பாருங்கள் (பொருளை உள்ளே இழுத்து எடுக்கிற பாகம்தான் இன்டேக்). எங்கள் அணியில் இப்போது கம்ப்யூட்டரில் கேட் வரைபடம் போடுகிற பெண் அப்படித்தான் வந்தாள்.

---

நேர்க்கோடு எழுதியது:

எல்லோரும் நல்ல யோசனை சொல்கிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எல்லா அணியும் எல்லா வருஷமும் தொடர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோவிட் வந்த 2020 மார்ச்சில், இந்தப் போட்டியை நடத்துகிற ஃபர்ஸ்ட் அமைப்பு அந்த சீசனை நிறுத்தியது, அடுத்த சீசனிலும் பல இடங்களில் நேரில் போட்டி நடக்கவில்லை. அந்த இடைவெளியில் பெரிய பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள், சின்னவர்கள் ஒரு முழுப் போட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பெரியவர்கள் ஆனார்கள். திரும்பி வந்தபோது சில அணிகள் எப்படியாவது அதே அளவில் நிற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடின. ஒரே கோச் எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்து, அந்த வருஷக் கடைசியில் அவரும் விலகி, அணியும் போயிற்று.

பக்கத்து அணியோடு ஒரு வருஷம் சேர்ந்து ஆடலாம். இல்லையென்றால் போட்டிக்குப் பதிவு செய்யாமல் ஒரு வருஷம் பயிற்சி மட்டும் நடத்தலாம். சின்னவர்களின் வயதைப் பொறுத்து ஃபர்ஸ்ட் அமைப்பின் சின்னப் பிள்ளைகள் போட்டியான லெகோ லீகில் இறக்கலாம். அங்கே ரோபோ ஆட்டம் நாலில் ஒரு பங்குதான், ரோபோ வடிவமைப்பு, கண்டுபிடிப்புத் திட்டம், கோர் வேல்யூஸ் என்கிற அணிப் பண்புகள் மூன்றுக்கும் அதே எடை உண்டு. உங்களைப் போன்ற கோச்சுக்கு அது பொருந்தும். அக்கா, உங்கள் உடம்பையும் பாருங்கள்.

---

பட்டறை_அக்கா எழுதியது:

நேர்க்கோடு சார், கோபம் எதுவும் இல்லை. என்னிடம் யாரும் இதைச் சொன்னதில்லை, சொன்னது நல்லதுதான். ஆனால் ஒரு வருஷம் நிறுத்தினால் என் பிள்ளைகளில் இரண்டு பேர் போட்டி வயதைக் கிட்டத்தட்டத் தாண்டிவிடுவார்கள். அவர்கள் இத்தனை நாள் பாகம் அடுக்கியது தங்கள் முறை வரும் என்ற நம்பிக்கையில்தான். அதனால் சின்ன அளவிலாவது ஆட வேண்டும் என்று நினைக்கிறேன். ரோபோ எளிமையாக இருந்தால் போதும். எளிமை என்றால் எங்கிருந்து தொடங்குவது?

---

மூணாவது_கியர் எழுதியது:

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன் அக்கா, எங்கள் அணிக்கும் போன வருஷம் இதே நிலைமைதான் வந்தது.

நாங்கள் ஸ்டார்ட்டர்பாட்டில் தொடங்கினோம். ஒவ்வொரு சீசனும் ஆட்டம் வெளியானதும் ரோபோ பாகம் விற்கிற கோபில்டா, ரெவ் இரண்டு நிறுவனத்தாருமே அந்த ஆட்டத்துக்கு ஏற்ற எளிய ரோபோ ஒன்றின் படமும் செய்முறையும் கோடும் இலவசமாக வெளியிடுகிறார்கள். ஃபர்ஸ்ட் அமைப்பின் பெரிய போட்டியில், அதாவது ஃபர்ஸ்ட் ரோபோடிக்ஸ் காம்பெடிஷன் என்கிற எஃப்ஆர்சியில், 118ஆம் அணியான ரோபோநாட்ஸ் வருஷா வருஷம் எவ்ரிபாட் என்று ஒன்று போடுகிறார்கள், சாதாரணக் கருவிகள் மட்டும் இருக்கிற அணியும் செய்யலாம். நாங்கள் அதில் உள்ளபடியே செய்தோம். ரோபோ சீக்கிரம் ஓட ஆரம்பித்துவிட்டது, மீதி நாளெல்லாம் ஓட்டிப் பழகினோம். போட்டியில் எங்களைவிட அழகான ரோபோக்கள் எல்லாம் முதல் நாள் பிட்டிலேயே பிரித்துப் போட்டபடி கிடந்தன. நாங்கள் எல்லா மேட்ச்சும் ஆடினோம்.

கேம் மேனுவல் ஜீரோ என்று இணையத்தில் ஒன்று இருக்கிறது, எஃப்டிசி, அதாவது நம் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் ஆடியவர்கள் சேர்ந்து எழுதியது. எங்களுக்கு மென்டார் இல்லாதபோது அதுதான் மென்டார்.

---

செதுக்கி எழுதியது:

தம்பி, உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெளியிட்ட ரோபோவை அப்படியே செய்தால் வடிவமைப்பு என்பதை எப்போது கற்பீர்கள்? நான் ஜட்ஜாக உட்கார்ந்திருக்கிறேன். "இந்தக் கையை ஏன் இந்த நீளத்தில் வைத்தீர்கள்?" என்று கேட்டால் "செய்முறையில் அப்படி இருந்தது" என்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். வெள்ளைத் தாளில் தொடங்கித் தடுமாறினவர்கள் ரோபோ ஓடாவிட்டாலும் அந்தக் கேள்விக்குப் பத்து நிமிஷம் பேசுகிறார்கள்.

---

மூணாவது_கியர் எழுதியது:

சார், எங்களிடமும் அந்தக் கேள்வி வந்தது. கை நீளம் செய்முறையில் இருந்ததுதான். ஆனால் நாங்கள் அதை நீட்டிப் பார்த்தோம். நீட்டினதும் ரோபோ முன்பக்கம் கவிழப் பார்த்தது, மோட்டாரும் தூக்க முடியாமல் முனகியது. கியர் விகிதத்தை மாற்றினால் தூக்கியது, ஆனால் மெதுவாகிவிட்டது. கடைசியில் பழைய நீளத்துக்கே வந்தோம். இதை ஜட்ஜிடம் அப்படியே சொன்னோம். ஓடுகிற ரோபோ ஒன்று கையில் இருந்ததால்தான் மாற்றிப் பார்க்க முடிந்தது. வெள்ளைத் தாளோடு தொடங்கியிருந்தால் அந்த சீசன் முடியும்போதும் நாங்கள் சட்டத்தைப் பூட்டிக்கொண்டுதான் இருந்திருப்போம்.

---

செதுக்கி எழுதியது:

இந்தப் பதில் என் அறையில் வந்திருந்தால் நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன் தம்பி. மாற்றிப் பார்த்தீர்கள், அளந்தீர்கள், காரணத்தோடு திரும்பினீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். பட்டறை அக்காவுக்கு என் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று: ஸ்டார்ட்டர்பாட் எடுங்கள், ஆனால் அதில் ஒரு பாகத்தையாவது பிள்ளைகள் தாங்களே மாற்ற வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

---

வோல்ட்மீட்டர் எழுதியது:

நான் ரோபோ இன்ஸ்பெக்டர் வேலை செய்கிற வாலன்டியர். இந்த இழையில் இன்னும் யாரும் பேசாதது, அக்காவின் அணி தனியாக இல்லை என்பது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, போட்டியின் அமைப்பே அப்படி.

எஃப்ஆர்சியில் மூன்று ரோபோ ஒரு கூட்டணி, எஃப்டிசியில் இரண்டு. தகுதிச் சுற்றில் யாரோடு யார் என்பதை அட்டவணை தீர்மானிக்கிறது, நாம் இல்லை. காலையில் நம்மைத் தோற்கடித்த அணி மதியம் நம் கூட்டாளியாக வரும். அவர்கள் ரோபோ நகராவிட்டால் நமக்கும்தான் நஷ்டம். அதனால் பக்கத்துப் பிட்டில் மோட்டார் எரிந்தால் நாலு அணிகள் உதிரி மோட்டாரோடு ஓடி வரும். உட்டி ஃபிளவர்ஸ் என்ற எம்ஐடி பேராசிரியர் "கிரேசியஸ் ப்ரொஃபஷனலிசம்" என்று இதற்கு ஒரு பெயரைப் பரப்பினார். முழு மூச்சாகப் போட்டியிடு, எதிரில் இருப்பவனை மரியாதையோடு நடத்து, இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்பது அவர் சொன்னது. அவர் 2019இல் காலமானார். அவர் பெயரில் மென்டார்களுக்கு ஒரு விருது இருக்கிறது, அதற்குப் பரிந்துரைக் கட்டுரை எழுதுவது மாணவர்கள்தான். அவர் சொன்னதை நல்ல குணம் என்று மட்டும் விட்டுவிடாமல் ஆட்ட விதிக்குள்ளேயே கொண்டுவந்ததால்தான் அது நிற்கிறது என்பது என் எண்ணம்.

ரோபோக்கப்ஜூனியர் என்ற வேறொரு பிள்ளைகள் போட்டியில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். சர்வதேசப் போட்டியில் சூப்பர்டீம் என்று ஒரு பகுதி, வேறு வேறு நாட்டு அணிகளை அங்கேயே சேர்த்து, புதிதாக ஒரு சவாலைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். பாஷை புரியாத பிள்ளைகள் காகிதத்தில் படம் போட்டுக் காட்டிப் பேசிக்கொள்ளும்.

சரி, இன்ஸ்பெக்ஷன் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். எஃப்ஆர்சி ரோபோவில் 12 வோல்ட் லெட் ஆசிட் பாட்டரி. அதன் முனையில் போல்ட் போட்டுக் கேபிளை இறுக்கியிருப்பார்கள். நான் முதலில் செய்வது அந்தக் கேபிள் முனையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. துளி அசைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். நின்ற இடத்தில் எல்லாம் சரியாகத்தான் வேலை செய்யும். மைதானத்தில் இன்னொரு ரோபோ வந்து மோதும்போது அந்த ஒரு கணம் தொடர்பு விட்டால் ரேடியோ அணைந்து, திரும்ப எழுந்து இணைவதற்குள் சுமார் இரண்டரை நிமிஷ மேட்ச்சில் பெரும்பகுதி போய்விடும். பிள்ளைகள் கோடில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். தளர்ந்த ஒரு நட்டுதான் காரணம்.

புது அணி ஒன்று இப்படித் திரும்பிப் போனபோது, முன் வருஷம் இதே மேசையில் திருப்பி அனுப்பப்பட்ட அணியின் பெண் ஒருத்தி ஸ்பேனரோடு போய், அவர்களுக்கு லாக் வாஷர் எப்படிப் போடுவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. அக்கா, உங்கள் அணியின் சீனியர்கள் எங்கே படிக்கப் போனாலும், அங்கே நடக்கிற போட்டிகளில் வாலன்டியராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் அணிக்கு நேரடியாக உதவ முடியாவிட்டாலும் வேறு யாருக்காவது உதவுவார்கள். உங்களுக்கு வேறு அணியின் சீனியர் வந்து நிற்பார்.

---

முனைகட்டி எழுதியது:

மேலே நட்டுபோல்ட் சொன்ன "பெரியவர்கள் ஸ்க்ரூடிரைவரைத் தொடக் கூடாது" என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நான் எஃப்ஆர்சி மென்டார். எங்கள் பட்டறையில் நானும் கூடச் சேர்ந்துதான் லேத் ஓட்டுகிறேன்.

டீன் கேமன் 1989இல் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கியபோது இருந்த எண்ணமே, பிள்ளைகள் உண்மையான பொறியாளர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்ய வேண்டும் என்பதுதான். 1992இல் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுவதுபோல் பொறியாளர்களையும் பிள்ளைகள் கொண்டாட வேண்டும் என்று விரும்பினார். பிள்ளை முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவன் எதைப் பார்த்துக் கற்பான்? நான் ஒரு தண்டைக் கடைந்து, தப்பான அளவில் வந்தால் எப்படி முழிக்கிறேன், எப்படி மறுபடி அளக்கிறேன் என்று அவன் பார்க்கட்டும்.

---

நட்டுபோல்ட் எழுதியது:

முனைகட்டி அண்ணா, நீங்கள் சொல்வது எஃப்ஆர்சிக்குச் சரி. அங்கே பாகங்கள் பெரிசு, மெஷின் ஆபத்தானது, பெரியவர் கூட நிற்கத்தான் வேண்டும். லெகோ லீகில் வேலையெல்லாம் பிள்ளைகளுடையது, ஜட்ஜ் அறையில் பெரியவர் வாய் திறக்க முடியாது. வேர்ல்ட் ரோபோ ஒலிம்பியாட்டில் ஆட்டம் நடக்கும்போது கோச் பிள்ளைகள் பக்கமே போகக் கூடாது, அன்றைக்குக் காலையில் ஒரு திடீர் விதியை வேறு அறிவிப்பார்கள். அப்போது மென்டார் செய்து கொடுத்த கோடு எதற்கும் உதவாது. ஒவ்வொரு போட்டியும் ஒவ்வொரு அளவு வைத்திருக்கிறது. ஒன்றின் அளவுகோலை வைத்து இன்னொன்றை அளந்து "அவங்க ரோபோவை மென்டார்தான் செய்தார்" என்று பிட்டில் முணுமுணுப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. அதைக் காதில் வாங்குகிற பிள்ளைக்கு எவ்வளவு வலிக்கும்!

நான் தொடக் கூடாது என்று சொன்னது அக்காவின் அணிக்கு, இந்த இரண்டு மாதத்துக்கு. காரணம், தொடுகிறவர்கள் எல்லோரும் கிளம்பிப் போகிறார்கள்.

---

முனைகட்டி எழுதியது:

அந்த அர்த்தத்தில் என்றால் சரி. இந்த இரண்டு மாதமும் பெரியவர்கள் கை விலகியே இருக்கட்டும். ஆனால் அக்கா, பிறகு ஒருவரைத் தேடுங்கள். வாரம் ஒரு நாள் வந்தாலும் போதும். ரோபோ தெரிந்தவர்தான் வேண்டும் என்றில்லை. கார் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், தச்சர், யாரானாலும் கை வேலை தெரிந்தவர். எங்கள் அணியில் கிரிம்ப் செய்ய, அதாவது வயர் முனையை நசுக்கிக் கட்ட, சொல்லிக்கொடுத்தவர் வீட்டு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். ஒவ்வொரு முனையையும் கட்டிய உடனே இழுத்துப் பார்க்கப் பழக்கினார், இன்றைக்கு வரைக்கும் எங்கள் பிள்ளைகள் இழுத்துப் பார்க்காமல் எதையும் மாட்ட மாட்டார்கள்.

---

பட்டறை_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ரோபோவைக் கழற்றினோம். சீனியர்கள் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வயரிங் பெண்ணுக்குத்தான் ரொம்பக் கஷ்டம், இரண்டு கையையும் துடையின் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவர்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அவளும் யோசித்துத்தான் பதில் சொன்னாள். நோட்டு ஆரம்பித்துவிட்டோம், சின்னவள் ஒருத்தி எழுதுகிறாள், படம் நிறைய, எழுத்து கொஞ்சம். கோடு அணியின் கணக்குக்கு வந்துவிட்டது. நொடிக் கணக்கு வரிகளை எல்லாம் கண்டுபிடித்து என்கோடருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோரில் மூன்று பேர் வாலன்டியர் பதிவு செய்துவிட்டார்கள். ஒரு அப்பா ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த சீசனுக்கு ஸ்டார்ட்டர்பாட், அதில் இன்டேக் மட்டும் எங்களுடையது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள்.

இப்போது ஒரு சிக்கல். மறுபடி பூட்டியபோது கண்ட்ரோல் ஹப்பை இடம் போதவில்லை என்று பக்கவாட்டில் நிமிர்த்தி மாட்டினார்கள். வண்டி முன்னும் பின்னும் சரியாகப் போகிறது. ஆனால் 90 டிகிரி திரும்பு என்றால் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சீனியர்கள் பரீட்சைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் வயரை எல்லாம் சரிபார்த்துவிட்டார்கள், எல்லாம் இறுக்கமாக இருக்கிறது.

---

என்கோடர் எழுதியது:

அக்கா, வயரில் ஒன்றும் இல்லை. ஹப்புக்கு உள்ளே ஐஎம்யூ என்ற சென்சார் இருக்கிறது, எவ்வளவு திரும்பினோம் என்று அதுதான் சொல்லும். ஹப் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது என்று கோடில் சொல்லியிருப்பார்கள்: லோகோ எந்தத் திசை, யூஎஸ்பி எந்தத் திசை என்று இரண்டு விவரம். முன்பு படுக்கையாக இருந்திருக்கும், லோகோ மேலே என்று இருக்கும். இப்போது நிமிர்த்திவிட்டீர்கள். வண்டி திரும்புவதை சென்சார் வேறு அச்சில் பார்க்கிறது, கோடு எதிர்பார்க்கிற கோணம் மாறவே இல்லை, அதனால் இன்னும் திரும்பவில்லை என்று நினைத்துச் சுற்றுகிறது.

ரோபோவுக்கான மென்பொருள் தொகுப்பான எஸ்டிகேயோடு வருகிற மாதிரி கோடுகளில் ஐஎம்யூ ஆர்த்தோகனல் என்று ஒன்று இருக்கும். பிள்ளைகளை அதைத் திறந்து இரண்டு திசையையும் இப்போது இருக்கிறபடி மாற்றச் சொல்லுங்கள். ஓட விட்டு, சக்கரம் தரையில் இருக்க ரோபோவைக் கையால் மெதுவாக இடப்பக்கம் திருப்பட்டும். திரையில் யா என்ற எண், அதாவது திரும்பிய கோணம், ஏற வேண்டும். கால் வட்டம் திருப்பினால் 90க்குப் பக்கத்தில் வர வேண்டும். வந்தால் அதே இரண்டு வரியை உங்கள் கோடிலும் போடலாம். வராவிட்டால் ரோபோவைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், லோகோவும் யூஎஸ்பி துளையும் தெரிகிற மாதிரி. ராத்திரி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

---

பட்டறை_அக்கா எழுதியது:

யா ஏறுகிறது. 88 காட்டுகிறது. எங்கள் கோடில் இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஹப் திசையையும் பெட்டி மூடி அட்டவணையில் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.